பழைய மோட்டார் வாகனத்தின் வளிச்சீராக்கியும் மாற்றுக் குளிரூட்டற் பதார்த்தங்களும்

அறிமுகம்

மாணவர்களே! "குளோரோபுளோரோ காபன்கள் ஓசோன் படையைச் சிதைக்கின்றன" என்ற வரியை நீங்கள் எல்லோரும் மனனம் செய்து வைத்திருப்பீர்கள். ஆனால் அப்பதார்த்தம் எதற்காகப் பயன்படுத்தப்பட்டது, அதன் இடத்துக்கு வந்தது எது, ஒன்றை எடுத்து மற்றொன்றை இடுவது ஏன் இலகுவான வேலையன்று என்று வினவினால் பலர் தடுமாறுகின்றனர். 1990களின் தொடக்கத்திலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட ஒரு காரின் வளிச்சீராக்கியை உதாரணமாக எடுத்துக்கொண்டால், ஆவியாதல், அமுக்கம், ஓசோன் சிதைவு, புவி வெப்பமாதல், சர்வதேச உடன்படிக்கைகள் ஆகிய அனைத்தையும் ஒரே தொடராக விளங்கிக்கொள்ளலாம். பரீட்சையின் பின்னர் மோட்டார் வாகனத் தொழினுட்பம் கற்கச் செல்லவிருப்போருக்கு இது வெறும் புள்ளிக்கான பாடம் மட்டுமன்று. நாளை கையாற் செய்யப்போகும் வேலையுமாகும்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் நீண்டகாலம் ஓடிய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் போன்ற கார்களுக்கு இப்பிரச்சினை இல்லை. அவை வளிச்சீராக்கி இல்லாமலே செய்யப்பட்டவை. நாம் இங்கு நோக்குவது, அவற்றுக்குப் பின்னர் வளிச்சீராக்கியுடன் வந்த 1970கள், 1980களின் கார்களையும் வான்களையுமே.

1. வளிச்சீராக்கி தொழிற்படும் விதம்

மண்பானையில் வைத்த நீர் குளிர்ந்திருப்பது ஏன்? பானையின் நுண்துளைகளூடாகக் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். ஆவி ஒடுங்கித் திரவமாகும்போது அவ்வெப்பத்தை வெளிவிடும். இவ்வெப்பமே மறைவெப்பம் எனப்படும். வளிச்சீராக்கியின் அடிப்படையும் இதுவே. பானையில் ஆவியான நீர் திரும்பி வருவதில்லை. வளிச்சீராக்கியிலோ அதே பதார்த்தம் மூடிய குழாய்த் தொகுதிக்குள் மீண்டும் மீண்டும் சுற்றி வருகிறது.

இத்தொகுதியின் பிரதான பகுதிகள் ஐந்து.

(அ) அமுக்கி: கராஜ்களில் கொம்பிரசர் எனப்படுவது. இயந்திரத்தினாற் பட்டியின் மூலம் சுழற்றப்படுகிறது. தாழ் அமுக்க ஆவியை உயர் அமுக்க ஆவியாக மாற்றுகிறது.

(ஆ) ஒடுக்கி: ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும். சூடான ஆவி இங்கே வெளிவளிக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது.

(இ) உலர்த்தி: திரவத்தில் உள்ள ஈரப்பதனையும் அழுக்கையும் பிடித்துக்கொள்கிறது.

(ஈ) விரிவு வால்வு: உயர் அமுக்கத் திரவத்தைச் சிறு துளையினூடு செலுத்தி அதன் அமுக்கத்தைத் திடீரெனக் குறைக்கிறது.

(உ) ஆவியாக்கி: முன்பலகைக்கு உள்ளே, பயணிகள் இருக்கும் பகுதியின் வளியோட்டத்தில் அமைந்துள்ளது. இங்கே திரவம் ஆவியாகி, காரின் உள்வளியிலிருந்து வெப்பத்தை எடுக்கிறது.

ஆவியாக்கி பயணிகளின் பக்கத்தில் இருக்கிறது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒரு முக்கியமான காரணத்துக்காக இதற்குத் திரும்பி வருவோம்.

இன்னொரு விடயம். "காஸ் முடிந்துவிட்டது, காஸ் அடிக்க வேண்டும்" என்று பொதுவாகச் சொல்வர். பெற்றோல் முடிவதைப் போல இது முடிவதில்லை. பதார்த்தம் எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் வருடாவருடம் வாயு நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பானது. வாகன உரிமையாளரின் பணமும் போகிறது. வாயுவும் வளிமண்டலத்துக்குப் போகிறது.

2. ஆர்-12 வந்ததும் போனதும்

ஆரம்பகாலக் குளிரேற்றிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு போன்ற நச்சு வாயுக்கள் பயன்படுத்தப்பட்டன. கசிவு ஏற்பட்டபோது உயிரிழப்புகளும் நேர்ந்தன. இதற்குத் தீர்வாக, ஐக்கிய அமெரிக்காவில் தோமஸ் மிட்ச்லியும் அவரது குழுவினரும் 1928இல் குளோரோபுளோரோ காபன்களைக் குளிரூட்டலுக்கு உகந்தவையாக இனங்கண்டனர். அவற்றுள் ஒன்றே இருகுளோரோ இருபுளோரோ மெதேன் ஆகும். வணிக உலகில் இது பிரியோன்-12 எனவும், தொழினுட்பத்தில் ஆர்-12 எனவும் அழைக்கப்பட்டது. தீப்பற்றாமை, நச்சுத்தன்மை மிகக் குறைவாக இருத்தல், உலோகத்தை அரிக்காமை, சுமார் −30 பாகை செல்சியஸில் கொதித்தல் ஆகியன இதன் சிறப்பியல்புகள். இதனால் கார் வளிச்சீராக்கிகளில் பல தசாப்தங்கள் இதுவே ஆட்சி செய்தது.

இப்பதார்த்தத்தின் நன்மையே பின்னர் தீமையாயிற்று. இலகுவில் சிதையாத இம்மூலக்கூறு வளிமண்டலத்தில் சுமார் 100 ஆண்டுகள் நிலைத்திருக்கும். மெதுவாகப் படைமண்டலத்தை அடைந்ததும், அங்குள்ள வலிமையான கழியூதாக் கதிர்கள் அதனை உடைத்துக் குளோரீன் அணுவை விடுவிக்கின்றன. அதன் பின்னர் நிகழும் தாக்கங்கள் வருமாறு.

குளோரீன் + ஓசோன் → குளோரீன் ஓரொட்சைட்டு + ஒட்சிசன் மூலக்கூறு
குளோரீன் ஓரொட்சைட்டு + ஒட்சிசன் அணு → குளோரீன் + ஒட்சிசன் மூலக்கூறு

இரண்டாவது தாக்கத்தின் முடிவில் குளோரீன் மீண்டும் வெளிவருவதை அவதானியுங்கள். அது ஊக்கியாகத் தொழிற்படுகிறது. இதனால் ஒரு குளோரீன் அணு ஏறத்தாழ 1,00,000 ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கலாம் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இக்கருத்தை 1974இல் மரியோ மொலினா, ஷெர்வூட் ரோலண்ட் ஆகியோர் வெளியிட்டனர். 1985இல் பிரித்தானிய அந்தாட்டிக் ஆய்வு நிறுவனத்தினர் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் பெருமளவில் குறைந்திருப்பதை அறிவித்தனர். 1987 செப்டெம்பர் 16இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. செப்டெம்பர் 16 சர்வதேச ஓசோன் தினமாக அனுட்டிக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. மொலினா, ரோலண்ட், போல் குருட்சன் மூவருக்கும் 1995இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உடன்படிக்கைக்கு அமைய, வளர்ச்சியடைந்த நாடுகளில் ஆர்-12 உற்பத்தி 1995இன் இறுதியோடு நின்றது. வளர்முக நாடுகளுக்கு 2010 ஜனவரி 1 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. கார் உற்பத்தியாளர்கள் 1990களின் முற்பகுதியிலேயே ஆர்-134ஏ என்னும் பதார்த்தத்துக்கு மாறிவிட்டனர். அதற்கு முந்திய கார்களின் நிலை என்ன? வளிச்சீராக்கி நல்ல நிலையில் இருந்தாலும் அதற்குரிய வாயு இல்லை. இங்கேதான் மாற்றுப் பதார்த்தம் என்ற கேள்வி எழுகிறது.

3. மாற்றுப் பதார்த்தங்கள்

மாற்றுப் பதார்த்தம் ஒன்றை மதிப்பிடுவதற்கு இரு அளவுகள் உள்ளன. ஓசோன் சிதைவு ஆற்றல் என்பது ஆர்-11 என்னும் பதார்த்தத்தை 1 எனக் கொண்டு ஒப்பிடுவது. புவி வெப்பமாதல் ஆற்றல் என்பது 100 ஆண்டுக் காலத்தில் காபனீரொட்சைட்டை 1 எனக் கொண்டு ஒப்பிடுவது. கீழுள்ளவை பொதுவாகப் பயன்படுத்தப்படும் அண்ணளவான பெறுமானங்கள்.

ஆர்-12: ஓசோன் சிதைவு ஆற்றல் ஏறத்தாழ 1, புவி வெப்பமாதல் ஆற்றல் 10,900, தீப்பற்றாது.
ஆர்-134ஏ: ஓசோன் சிதைவு ஆற்றல் 0; புவி வெப்பமாதல் ஆற்றல் 1,430; தீப்பற்றாது.
ஐதரோகாபன் கலவை (புரொப்பேன், ஐசோபியூட்டேன்): 0; 5இலும் குறைவு; எளிதில் தீப்பற்றும்.
ஆர்-1234வைஎஃப்: 0, 5இலும் குறைவு, மென்மையாகத் தீப்பற்றும்.

(அ) ஆர்-134ஏ: இதில் குளோரீன் இல்லை, எனவே ஓசோனுக்குப் பாதிப்பில்லை. பழைய கார்களை மாற்றும்போது உலகெங்கும் அதிகம் பயன்பட்டது இதுவே. ஆனால் இது பச்சைவீட்டு வாயு ஆகும்.

(ஆ) கலவைகள்: ஆர்-12க்குப் பதிலாக இடலாம் எனப் பல கலவைகள் சந்தைக்கு வந்தன. சிலவற்றில் ஆர்-22 அடங்கியிருந்தது. ஆர்-22 பழைய சாதாரண இறப்பர்க் குழாய்களினூடு எளிதாகக் கசியும்; ஆதலால் தடுப்புப் படையுள்ள குழாய்கள் தேவை. அன்றியும் ஆர்-22இல் குளோரீன் இருப்பதால், சிறிதளவாயினும் ஓசோனைச் சிதைக்கும். மேலும், கலவை கசியும்போது எளிதில் ஆவியாகும் கூறு முதலில் வெளியேறும். எஞ்சியிருப்பது பழைய விகிதத்தில் இராது.

(இ) ஐதரோகாபன்கள்: நன்றாகக் குளிரூட்டும், பழைய எண்ணெயுடனும் சேரும், சூழலுக்குப் பாதிப்புக் குறைவு. ஆனால் தீப்பற்றும். இதனைத் தனியாக நோக்குவோம்.

(ஈ) ஆர்-1234வைஎஃப்: புதிய கார்களுக்காக உருவாக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் விற்கப்படும் புதிய கார்களின் பதார்த்தம் 150இலும் குறைந்த புவி வெப்பமாதல் ஆற்றல் கொண்டிருத்தல் வேண்டும். அதனாலேயே இது பரவியது. பழைய ஆர்-12 தொகுதிக்கு இது நோக்கமன்று, விலையும் அதிகம்.

4. வாயுவை மட்டும் மாற்றினால் ஏன் போதாது?

இதுவே இவ்வலகின் மையப் பகுதி. ஆர்-12ஐ எடுத்துவிட்டு ஆர்-134ஏயை இட்டால் நான்கு இடங்களிற் சிக்கல் தோன்றும்.

முதலாவது, எண்ணெய். அமுக்கியின் அசையும் பாகங்களுக்கு உராய்வு நீக்கும் எண்ணெய், குளிரூட்டற் பதார்த்தத்துடன் கலந்தே தொகுதி முழுவதும் சுற்றி வருகிறது. ஆர்-12 கனிய எண்ணெயுடன் நன்கு கலக்கும், ஆர்-134ஏ கலக்காது. கலக்காவிட்டால் எண்ணெய் ஆவியாக்கியிலும் குழாய்களிலும் தங்கிவிடும்; அமுக்கிக்குத் திரும்பி வராது. அமுக்கி வரண்டு, சூடேறி, இறுகிப்போகும். ஆகவே பழைய எண்ணெயை இயன்றளவு வடித்து, எசுத்தர் வகை எண்ணெய் அல்லது உற்பத்தியாளர் விதந்துரைத்த வேறு செயற்கை எண்ணெயை இடவேண்டும்.

இரண்டாவது, இறப்பர். ஆர்-134ஏ மூலக்கூறு சிறியது. முதிர்ந்த இறப்பர்க் குழாய்களாலும் மூட்டு வளையங்களாலும் அது கசியக்கூடும். வெடித்த குழாய்களையும் திறக்கப்படும் மூட்டுகளின் வளையங்களையும் மாற்றுதல் நன்று.

மூன்றாவது, உலர்த்தி. பழைய உலர்த்தியின் உள்ளே இருக்கும் பதார்த்தம் ஆர்-12க்கென அமைந்தது. பல ஆண்டுகள் ஈரத்தையும் உறிஞ்சியிருக்கும். எனவே ஆர்-134ஏக்கு ஏற்ற புதிய உலர்த்தி பொருத்தப்படும்.

நான்காவது, அமுக்கம். இரு பதார்த்தங்களினதும் நிரம்பல் ஆவியமுக்கத்தை ஒப்பிடுவோம். இவை தனி அமுக்கங்கள். கராஜில் உள்ள மானி ஏறத்தாழ 1 பார் குறைத்தே காட்டும்.

0 பாகை செல்சியஸில்: ஆர்-12 சுமார் 3.1 பார், ஆர்-134ஏ சுமார் 2.9 பார்
50 பாகை செல்சியஸில்: ஆர்-12 சுமார் 12.2 பார், ஆர்-134ஏ சுமார் 13.2 பார்
60 பாகை செல்சியஸில்: ஆர்-12 சுமார் 15.3 பார், ஆர்-134ஏ சுமார் 16.8 பார்

குளிர்ந்த பக்கத்தில் ஆர்-134ஏயின் அமுக்கம் சற்றுக் குறைவு. சூடான பக்கத்தில் கூடுதல். எனவே அமுக்கியின் வேலை கூடுகிறது. வெயில் நேரத்தில் வாகன நெரிசலிற் கார் நிற்கும்போது ஒடுக்கிக்குப் போதிய வளியோட்டம் கிடைக்காது, அமுக்கம் மேலும் ஏறும், குளிர்ச்சி குறையும். எமது நாட்டைப் போன்ற வெப்பமான இடங்களில் இக்குறை கூடுதலாகத் தெரியும். பெரிய ஒடுக்கி அல்லது மேலதிக மின்விசிறி இதற்குப் பரிகாரமாகும். அமுக்கம் எல்லை மீறினால் அமுக்கியை நிறுத்தும் ஆளியும் இருத்தல் வேண்டும்.

5. மாற்றும் படிமுறை

படி 1: தொகுதியில் எஞ்சியுள்ள ஆர்-12ஐ வெளியே விடாது, மீட்பு இயந்திரத்தின் மூலம் சிலிண்டரில் சேர்த்தல்.
படி 2: கசிவைக் கண்டறிந்து திருத்துதல்.
படி 3: பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் இடுதல், உலர்த்தியையும் தேவையான வளையங்களையும் மாற்றுதல்.
படி 4: நிரப்பும் வாய்களில் ஆர்-134ஏக்கு உரிய இணைப்பிகளைப் பொருத்துதல். ஆர்-12இன் வாய் திருகுபுரி கொண்டது. ஆர்-134ஏயின் வாய் அழுத்திப் பொருத்தும் வகை. தவறான வாயுவைத் தவறுதலாக ஏற்றாதிருக்கவே இவ்வேறுபாடு.
படி 5: வெற்றிடப் பம்பியினால் குறைந்தது 30 நிமிடமேனும் தொகுதியை வெற்றிடமாக்குதல்.
படி 6: நிறுத்து அளந்து வாயு நிரப்புதல்.
படி 7: எந்த வாயு, எவ்வளவு, எந்த எண்ணெய், எப்போது என்பவற்றை எழுதிய ஒட்டியை இயந்திர அறையில் ஒட்டுதல்.

படி 5 ஏன்? அமுக்கம் குறையக் கொதிநிலையும் குறையும். அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 24இல் ஒரு பங்காகும்போது, நீர் 30 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். இவ்வாறு உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற்றப்படுகிறது. ஈரம் எஞ்சினால் அது விரிவு வால்வில் உறைந்து வழியை அடைக்கும். பதார்த்தத்துடனும் எண்ணெயுடனும் தாக்கமுற்று அமிலத்தையும் உண்டாக்கும்.

படி 6இல் கவனிக்க வேண்டியது: ஆர்-134ஏயின் அளவு பொதுவாக முன்னைய ஆர்-12 அளவின் 80 தொடக்கம் 90 சதவீதமாகும். கூடுதலாக நிரப்பினாற் கூடுதலாகக் குளிரும் என எண்ணுவது தவறு. அமுக்கமே கூடும், குளிர்ச்சி குறையும்.

படி 7 சிறிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஒட்டி இல்லாத காருக்கு அடுத்த திருத்துநர் வேறு வாயுவை ஏற்றிவிடுவார். கலந்த வாயுவின் அமுக்கம் எதற்கும் ஒத்துவராது. மீட்டெடுத்தாலும் மீண்டும் பயன்படுத்த முடியாது. மீட்பு இயந்திரத்தில் உள்ள நல்ல வாயுவும் கெட்டுவிடும்.

6. சமையல் வாயுவை இடலாமா?

ஐதரோகாபன் குளிரூட்டற் பதார்த்தம் மலிவானது, சிறிதளவு போதும், நன்கு குளிரும். இன்று பல வீட்டுக் குளிரேற்றிகளில் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் உள்ளது. அப்படியாயின் காரில் ஏன் தயக்கம்?

வீட்டுக் குளிரேற்றியில் இருப்பது சில பத்துக் கிராம்களே. அதன் குழாய்கள் ஒட்டி மூடப்பட்டவை. அது அதிர்வதுமில்லை, மோதுவதுமில்லை. காரில் இருப்பது சில நூறு கிராம், குழாய்கள் இறப்பர், நாள் முழுவதும் அதிர்வு, விபத்தில் முதலில் நசுங்குவது முன்னால் உள்ள ஒடுக்கி. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் முன்னர் குறித்துக்கொண்டபடி ஆவியாக்கி பயணிகளின் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடிகள் மூடிய சிறிய காருக்குள் கசிந்தால் வாயு அங்கேயே தேங்கும். புரொப்பேன் வளியில் ஏறத்தாழ 2 சதவீதம் தொடக்கம் 9.5 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பற்றும். ஓர் ஆளியின் பொறியோ சிகரெட்டோ போதும்.

இக்காரணத்தால் ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம், ஆர்-12 கார்களில் தீப்பற்றும் ஐதரோகாபன்களைப் பதிலாக இடுவதை அனுமதிக்கவில்லை. வீட்டுச் சமையல் வாயுச் சிலிண்டரிலிருந்து காருக்கு ஏற்றுவது இன்னும் ஆபத்தானது. அதன் தூய்மையும் கலப்பு விகிதமும் குளிரூட்டலுக்கென அமைந்தவை அல்ல, ஈரமும் இருக்கலாம். மேலும், அடுத்த முறை அக்காரைத் திறக்கும் திருத்துநர் உள்ளே எரிவாயு இருப்பதை அறியமாட்டார். சில நூறு ரூபா மீதப்படுத்தச் சென்று ஒரு குடும்பத்தையும் ஒரு தொழிலாளியையும் ஆபத்தில் வைப்பது எவ்வகையிலும் நியாயமன்று.

7. இலங்கையும் உடன்படிக்கைகளும்

இலங்கை 1989 டிசம்பர் 15இல் மொன்றியல் உடன்படிக்கையில் இணைந்தது. 2016 ஒக்ரோபரில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இவ்வுடன்படிக்கை திருத்தப்பட்டது. ஆர்-134ஏ போன்ற ஐதரோபுளோரோ காபன்களையும் படிப்படியாகக் குறைப்பது இத்திருத்தத்தின் நோக்கம். இலங்கை 2018இல் இதனை ஏற்றது. 2019 ஜனவரி 1இல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அடங்கும் வளர்முக நாடுகளின் தொகுதி 2024இல் பாவனை அளவை உறைநிலையில் நிறுத்தி, 2045இல் 80 சதவீதம் குறைத்தல் வேண்டும்.

பயன் கிடைத்ததா? 2023 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் வெளிவந்த விஞ்ஞான மதிப்பீட்டின்படி, தற்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் ஓசோன் படை 1980ஆம் ஆண்டின் நிலைக்கு அந்தாட்டிக்காவின் மேல் 2066 அளவிலும், ஆட்டிக்கின் மேல் 2045 அளவிலும், ஏனைய பகுதிகளில் 2040 அளவிலும் மீளும்.

8. விடை எழுதும்போது மாணவர் விடும் தவறுகள்

• ஓசோன் சிதைவையும் புவி வெப்பமாதலையும் ஒன்றெனக் கருதுதல். ஆர்-134ஏ முதலாவதைச் செய்யாது; இரண்டாவதைச் செய்யும்.
• "ஆர்-134ஏ சூழலுக்குத் தீங்கற்றது" என எழுதுதல். "ஓசோன் படைக்குத் தீங்கற்றது" என்பதே சரி.
• குளோரீன் தாக்கத்தில் முடிந்துவிடும் என எழுதுதல். அது ஊக்கி, மீண்டும் வெளிவரும்.
• வளிச்சீராக்கி "குளிரை உண்டாக்குகிறது" என எழுதுதல். அது வெப்பத்தை உள்ளிருந்து வெளியே கொண்டுசெல்கிறது.

9. மாதிரி வினாவும் விடையும்

வினா: ஒரு பழைய காரின் வளிச்சீராக்கியில் 900 கிராம் ஆர்-12 உள்ளது. (i) 85 சதவீதம் என்ற அளவில் எவ்வளவு ஆர்-134ஏ நிரப்ப வேண்டும்? (ii) இவை முழுவதும் வளிமண்டலத்துக்குக் கசிந்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு காபனீரொட்சைட்டுக்குச் சமம்? (iii) இதிலிருந்து பெறக்கூடிய முடிவு யாது?

விடை:
(i) 900 × 85 ÷ 100 = 765 கிராம்.
(ii) ஆர்-12: 0.9 × 10,900 = 9,810 கிலோகிராம். ஆர்-134ஏ: 0.765 × 1,430 = ஏறத்தாழ 1,094 கிலோகிராம்.
(iii) மாற்றத்தினால் வெப்பமாக்கும் பாதிப்பு ஏறத்தாழ 9இல் ஒரு பங்காகக் குறைகிறது. ஓசோன் சிதைவு இல்லாமற் போகிறது. எனினும் 1 லீற்றர் பெற்றோல் எரியும்போது சுமார் 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுவதால், ஆர்-134ஏயின் கசிவும் ஏறத்தாழ 475 லீற்றர் பெற்றோலை எரிப்பதற்குச் சமம். ஆகவே எந்த வாயுவாயினும் கசிவைத் தடுத்தலும், வெளியே விடாது மீட்டெடுத்தலும் அவசியம்.

பயிற்சி வினாக்கள்

1. ஆர்-12 இலகுவிற் சிதையாமை நன்மையாகவும் தீமையாகவும் அமைந்தது எவ்வாறு?
2. கனிய எண்ணெயை மாற்றாது ஆர்-134ஏ நிரப்பினால் அமுக்கிக்கு நேர்வது யாது? காரணம் தருக.
3. தொகுதியை வெற்றிடமாக்குவதன் நோக்கங்கள் இரண்டைக் குறிப்பிடுக.
4. வீட்டுக் குளிரேற்றியில் ஏற்கத்தக்க ஐதரோகாபன் பழைய காரில் ஏற்கத்தகாதது ஏன்? மூன்று காரணங்கள் எழுதுக.
5. "வாயு முடிந்துவிட்டது" என்று கூறும் அயலவர் ஒருவருக்கு, முதலிற் செய்யவேண்டியது யாது என்பதை ஐந்து வாக்கியங்களில் விளக்குக.